ஓட்டுக்குள் அணில், கொய்யாவில் அணில்: துரத்துவதைவிட வழியை அடைப்பது மேல்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். திருவையாறு பக்கம் பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் ஒரு அறைக்கு மட்டும் தளம் போட்டு ஏசி மாட்டியிருக்கிறீர்கள். எரவாணத்தில் அணில் கூடு கட்டியிருக்கிறது, ஏசியின் வெளிப்பெட்டிக்குள் தேங்காய் நாரும் பஞ்சும் கிடக்கின்றன. கொல்லையில் கொய்யாவையும் மாதுளையையும் பழுக்க விடுவதில்லை, தென்னையில் இளங்காய் விழுகிறது, மாடியில் காயப்போடும் உளுந்து குறைகிறது. கடைக்காரர் ஒரு பசை மருந்து கொடுத்திருக்கிறார், வைக்கலாமா என்கிறீர்கள். பேரனை அணில் பிறாண்டியதற்கு ஊசி போட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மருந்தை முதலில் பேசிவிடலாம், அதுதான் அவசரம். வைக்க வேண்டாம். எலிக்கென்று குழாயில் அடைத்து விற்ற பசைகளில் பல மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தவை. உள்ளே போனால் கல்லீரலைக் கெடுக்கும், அதற்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது. பேரப்பிள்ளை ஓடியாடும் வீட்டில் பிஸ்கட்டில் தடவி வைக்கிற பொருள் இல்லை அது. கறுப்புப் பொடியாக வரும் துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றுக்குள் நச்சு வாயுவாக மாறிக் கொல்லும். அதுவும் வீட்டுக்குள் வைக்கத் தக்கதல்ல. இன்னொன்றையும் யோசியுங்கள்: மருந்து தின்ற அணில் மரியாதையாகத் தெருவுக்குப் போய்ச் சாகாது. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் கை எட்டாத இடத்தில் போய்ச் சுருண்டுகொள்ளும். நாற்றம் போக நாளாகும், ஓட்டைப் பிரிக்காமல் எடுக்கவும் முடியாது. கூட்டில் குஞ்சு இருந்தால் அதுவும் பட்டினியில் அங்கேயே சாகும். பசை அட்டையும் வேண்டாம். அணில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும், பல்லியும் குருவியும் கூட மாட்டும். மருந்துக் குழாயை வாய்க்காலில் எறியாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மூடியை இறுக்கி, உறையில் கட்டி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

சரி, இனி அணில். நம் பக்கம் வீட்டைச் சுற்றித் திரிவது முதுகில் மூன்று வெள்ளைக் கோடு உள்ள அணில். வளர்ந்ததே சுமார் நூறு கிராம்தான் இருக்கும். முழுக்க முழுக்கப் பகல் பிராணி. விடிந்ததும் கிளம்பும், உச்சி வெயிலில் அடங்கும், சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று, இருட்டுவதற்குள் கூட்டுக்குத் திரும்பிவிடும். எலியைப் போல அதற்கும் முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். மரம், பிளாஸ்டிக், ஒயர், ரப்பர் எல்லாம் அதன் பல்லுக்கு ஒன்றுதான். உங்கள் மேல் கோபத்தில் அது எதையும் செய்வதில்லை.

பகல் பிராணி என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அணில் மேல் போடுகிற பழியில் நிறைய எலியும் வௌவாலும் செய்த வேலை. ராத்திரி ஓட்டின் மேல் தடதடவென்று சத்தம் கேட்டால் அது அணில் இல்லை. விடிந்து அடுக்களையில் புழுக்கை கிடந்தால் அதுவும் அணில் இல்லை. சந்தேகம் இருந்தால் சுலபமான ஒரு சோதனை இருக்கிறது. படுக்கப் போகும் முன் அந்த இடத்தில் அடுப்புச் சாம்பலையோ கோலமாவையோ மெல்லியதாகத் தூவுங்கள். விடியும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் தடம் இருந்தால் எலி. இல்லையென்றால் அப்படியே விட்டுச் சாயங்காலம் பாருங்கள். பகலில் பட்ட தடம்தான் அணிலுடையது. ஆள் இன்னாரென்று தெரியாமல் செலவு செய்தால், அணிலுக்கென்று வலை அடித்துவிட்டு எலிக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பீர்கள்.

பழங்களுக்கும் இதே கணக்குதான். பொழுது சாயும்போது மரத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் மறுபடி பாருங்கள். ராத்திரியில் போன பழம் வௌவாலுக்கோ எலிக்கோ போனது. வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டை உருண்டையாகத் துப்பிவிட்டுப் போகும், மரத்தடியில் தேடினால் கிடைக்கும். அணில் பெரும்பாலும் பழத்தைக் கிளையிலேயே வைத்துச் சுரண்டித் தின்னும், பாதியைத் தொங்கவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கிளியும் குக்குறுவானும் கொத்தினால் அலகு பட்ட குழி தெரியும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் காயைப் பார்த்தே சொல்வார்கள்: காம்புப் பக்கம் ஓட்டை என்றால் எலி, நடுவில் ஓட்டை என்றால் அணில். அணில் பழுத்த காயைத்தான் தேடும். அதனால் நிறம் மாறியதும் பறித்துவிட்டால் அணில் சேதம் நன்றாகக் குறையும். எலிக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

இப்போது வீடு. அணில் தரையில் நடந்து வந்து சுவரேறி உள்ளே நுழைவதைவிட, மரத்திலிருந்து கூரைக்குத் தாவுவதுதான் அதிகம். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது வருகிற பாதையைப் பாருங்கள். ஒரே பாதையில்தான் திரும்பத் திரும்ப வரும். முருங்கைக் கிளை, அங்கிருந்து துணிக்கொடி, அங்கிருந்து கேபிள் ஒயர், அங்கிருந்து எரவாணம். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் மொத்தமும் நின்றுபோகும். கூரைக்கு ஆறிலிருந்து எட்டு அடிக்குள் வரும் கிளை எதுவும் இருக்கக் கூடாது. முருங்கையை நீங்கள் எப்படியும் வெட்டிவிடுவீர்கள், அது தளிர்த்துக்கொள்ளும். மாமரத்தில் கூரைப் பக்கக் கொப்பை மட்டும் அறுவடை முடிந்த பிறகு கழியுங்கள். தென்னை மட்டை ஓட்டின் மேல் உரசினால் அந்த மட்டையை மட்டும் இறக்கினால் போதும், பச்சை மட்டையைக் கண்டபடி வெட்டினால் காய்ப்பு குறையும். துணிக்கொடியை ஓட்டுச் சட்டத்தில் கட்டாமல் தனிக் கம்பத்துக்கு மாற்றுங்கள். மின்சார ஒயருக்குப் பக்கத்தில் போகும் கிளையை நீங்களாக வெட்டப் போகாதீர்கள். மின்வாரிய ஆளை அழைத்து லைனை நிறுத்திய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது நுழைவாயில். ஓட்டு வீட்டில் அது எங்கே என்று தேட வேண்டியதே இல்லை: சுவர்த் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் சட்டங்கள் வந்து உட்காரும் இடத்தில் வரிசையாக இடைவெளி இருக்கும். கட்டினவர்கள் காற்றுக்காக விட்டது அது. அதைச் சிமெண்ட் வைத்து மொத்தமாகப் பூசிவிடாதீர்கள். காற்று போகாவிட்டால் ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் தங்கி, சட்டமும் ரீப்பரும் உளுத்துப்போகும். அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை இடைவெளிக்கு ஏற்றபடி வெட்டி, சட்டத்தில் திருகாணி போட்டு அடியுங்கள். கோழி வலையில் கண் பெரிது, குட்டி அணில் நுழையும். கொசுவலையையும் பிளாஸ்டிக் வலையையும் ஒரே நாளில் கடித்துவிடும். உங்கள் பக்கம் ஜிஐ வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை, பல வருஷம் தாங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து உதிரும், அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் கூடச் செலவானாலும் துருப்பிடிக்காத எஃகு வலை வாங்குவது நல்லது. உடைந்த ஓட்டை மாற்றுங்கள். முகட்டு ஓட்டின் சுண்ணாம்புப் பூச்சு விட்டிருந்தால் சரிசெய்யுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, பரண் ஜன்னல், குழாய் போகும் துளை இவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எலியும் வீட்டில் இருக்கிறதென்று சாம்பல் சொன்னால் அரை அங்குலம் போதாது. சுண்டெலிக்குக் கால் அங்குலமே தாராளம், தரையோரத் துளைகளைச் சிமெண்டில் கண்ணாடித் தூள் கலந்து அடைத்துவிடுங்கள்.

ஆனால் வலையைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் வீண்தான். கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணில் சுமார் 34 நாள் கர்ப்பம் சுமந்து, பொதுவாக இரண்டு மூன்று குட்டி போடும். பிறக்கும்போது ரோமமே இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. பால்குடி மறக்கப் பத்து வாரம் வரை ஆகும். தாய் இரைக்குப் போன நேரத்தில் நீங்கள் வலை அடித்துவிட்டால் உள்ளே குஞ்சுகள் கத்திக் கத்திச் செத்துப்போகும். தாயோ வெளியிலிருந்து ஓட்டையும் சட்டத்தையும் கடித்துக் குதறும். நீங்கள் அடைத்ததைவிடப் பெரிய ஓட்டை விழும். இது அணிலுக்காகச் சொல்வதும்தான், உங்கள் கூரைக்காகச் சொல்வதும்தான்.

கூட்டுக்குள் கை விட வேண்டாம். வாசலில் பழைய செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். இரண்டு பகல் முழுக்க அது அசையாமல் இருந்தால் கூடு காலி, அடைத்துவிடலாம். தள்ளிவிடப்பட்டிருந்தால் உள்ளே குடித்தனம் இருக்கிறது. அப்போது காதை வைத்துக் கேளுங்கள். தாய் இல்லாத நேரத்திலும் மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தால் குஞ்சு இருக்கிறது. அவசரம் இல்லாத இடமென்றால் பொறுத்திருங்கள். குஞ்சுகள் வெளியே வந்து எரவாணத்தில் ஓடியாட ஆரம்பித்து, கூட்டுக்குத் திரும்பாமல் விட்ட பிறகு அடையுங்கள். அணில் ஒரே ஒரு கூட்டை நம்பி இருப்பதில்லை. தொந்தரவு அதிகமானால் தாயே குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்குப் போய்விடும். கூட்டுக்குப் பக்கத்தில் பகலில் ரேடியோவைப் பாடவிட்டு, விளக்கையும் போட்டு வைத்தால் இடம் மாற அதைத் தூண்டும். அதே எரவாணத்தில் சிட்டுக்குருவியும் கூடு வைத்திருக்கலாம், அதையும் பார்த்துவிட்டே வலை அடியுங்கள்.

ஏசிப் பெட்டியில் மட்டும் காத்திருக்க முடியாது. ஏசியை ஓடவிட்டால் மின்விசிறி குஞ்சை அடித்துவிடும், ஒயரைக் கடித்த தாய் மின்சாரம் பாய்ந்து சாகும், போர்டும் போகும். ரிமோட்டில் நிறுத்தியது போதாது, மின்பலகையில் ஏசிக்கான எம்சிபி ஸ்விட்சையே இறக்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். கூடு இருந்தால் கையுறை போட்டு, கூட்டைக் கலைக்காமல் அப்படியே அள்ளி ஒரு அட்டைப் பெட்டியிலோ மூங்கில் கூடையிலோ வைத்து, அதே இடத்துக்கு இரண்டு மூன்று கஜத்துக்குள், பூனைக்கு எட்டாத உயரத்தில், நிழலில் கட்டிவிடுங்கள். பிறகு எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். மனித வாடை பட்டால் தாய் தொடாது என்பார்கள், அப்படியில்லை. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் பெரும்பாலும் அன்று பொழுது சாய்வதற்குள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த வேலையைக் காலையில் ஆரம்பியுங்கள், சாயங்காலம் ஆரம்பித்தால் தாய்க்கு நேரம் போதாது. தாய் வரவே இல்லையென்றால் வனத்துறையிடமோ பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள். பசும்பால் புகட்டாதீர்கள், வயிற்றுப்போக்கில் செத்துவிடும்.

பெட்டி காலியானதும், செம்புக் குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு நுரை உறைக்கு மேல் பிவிசி குழாயையோ தகர மூடியையோ போடச் சொல்லுங்கள். அணில் முதலில் கடிப்பது அந்த நுரையைத்தான். சுவரில் குழாய் நுழையும் துளையை நுரை அடித்து மூடுவார்கள். அதற்கு மேல் சிமெண்ட் பூசினால்தான் நிற்கும். பெட்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் வலை போடலாம், ஆனால் காற்று தள்ளும் முன்பக்கத்தை நெருக்கமான வலையால் மூடினால் ஏசி திணறும். முக்கியமான காலம் மார்கழி, தை, மாசி. ஏசியைத் தொடாமல் கிடக்கும் அந்த மாதங்களில்தான் கூடு ஏறும். பங்குனியில் முதன்முதலாக ஸ்விட்சைப் போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்க்கிற பழக்கம் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

தென்னைக்கு வருகிறேன். குரும்பை கொட்டுவதற்கு அணிலை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். ஒரு பாளையில் பிடிக்கும் குரும்பையில் பெரும்பகுதி இயல்பாகவே உதிரும். தண்ணீர் குறைந்தாலும் சத்து குறைந்தாலும் இன்னும் உதிரும். விழுந்ததை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். காம்போரத்தில் வட்டமாகத் துளை போட்டிருந்தால்தான் கொறிக்கும் பிராணியின் வேலை, அதிலும் பெரும்பாலும் எலி. மரத்திலேயே கொண்டையில் கூடு கட்டிக் குடியிருக்கும் எலி உண்டு. காய் பறிக்க ஆள் ஏறும்போது காய்ந்த மட்டை, பன்னாடை, பழைய பாளை எல்லாவற்றையும் இழுத்துக் கொண்டையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எலிக்கும் அணிலுக்கும் கூடு கட்ட இடமும் பொருளும் அதுதான்.

அப்புறம் தகடு. தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில், சுமார் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி வழுவழுப்பாகக் கட்டுவது எலிக்கென்று வேளாண்மைத் துறையினர் பல காலமாகச் சொல்லிவரும் முறை. அணில் எலியைவிட நன்றாகத் தாவும், ஆகவே அகலத்தை ஒன்றரையிலிருந்து இரண்டு அடியாக வையுங்கள். தென்னந்தண்டு ஒருமுறை உருவான பிறகு பருப்பதில்லை, அதனால் தகடு மரத்தை நெரிக்காது. மா, பலாவில் அப்படியில்லை, தண்டு வருஷாவருஷம் பருக்கும். அங்கே கட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். ஆணி அடிக்காமல் கம்பியால் இறுக்குங்கள். மரம் ஏறும் ஆளிடம் தகடு இருப்பதை முன்பே சொல்லி, ஏறும் முன் கழற்றிவிடுங்கள். வழுக்கி விழுந்தால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

ஆனால் தகடு பலன் தருவது தனித்து நிற்கும் மரத்தில்தான். மட்டையோடு மட்டை மோதினால் அணில் தரைக்கே வராது, தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மேலேயே போய்விடும். 2018 கஜா புயலில் தோப்பை இழந்து, மறுபடி 25 அடிக்கு ஒன்று என்று கணக்காக நட்டவர்களுக்குத் தகடு நன்றாக வேலை செய்யும். வீட்டுக் கொல்லையில் பத்தடிக்கு ஒன்று என்று தாத்தா நட்டுவிட்டுப் போன மரங்களுக்குத் தகடு வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். அங்கே கொண்டையைச் சுத்தமாக வைப்பதும், காயை முற்றவிட்டுக் காத்திருக்காமல் நாற்பத்தைந்து அறுபது நாளுக்கு ஒருமுறை தவறாமல் வெட்டுவதும்தான் கைகொடுக்கும்.

கொய்யாவும் மாதுளையும் உங்களுக்கு ஒரே தொல்லையாகத் தெரியலாம், ஆனால் இரண்டுக்கும் வழி வேறு. பறித்த பிறகும் பழுக்கிற பழம், பறித்தால் அதோடு நின்றுவிடுகிற பழம் என்று இரண்டு ஜாதி உண்டு. கொய்யா, மா, சப்போட்டா, வாழை, பப்பாளி முதல் ஜாதி. இவற்றில் அணிலோடு போட்டி போடவே வேண்டாம், அதற்கு முன்பே பறித்துவிடுங்கள். கொய்யா கரும்பச்சையிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் இரண்டு மூன்று நாளில் மணக்கும். சப்போட்டாவை நகத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளே பச்சை தெரியாவிட்டால் பறித்து அரிசிப் பானையில் போடுங்கள். வாழைத்தாரில் கடைசிச் சீப்பு வந்ததும் பூவை ஒடித்துவிடுங்கள். அதன் தேனுக்குத்தான் பகலில் அணிலும் ராத்திரியில் வௌவாலும் வருகின்றன, வந்த இடத்தில் காயையும் கீறுகின்றன. தாரை வாழைச் சருகால் மூடிக் கட்டி, பட்டை உருண்டு திரண்டதும் வெட்டுங்கள்.

மாதுளை இரண்டாம் ஜாதி. முன்னதாகப் பறித்தால் புளிப்பும் துவர்ப்புமாக அப்படியே நிற்கும். அதனால் அதை மரத்தில் வைத்தே காப்பாற்ற வேண்டும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் பழைய தடித்த பருத்தித் துணியில் பை தைத்துக் காம்போடு கட்டுங்கள். பாலிதீன் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துக் காய் அழுகும். துணியைக் கடிக்கிற அணில் வாய்த்துவிட்டால், நல்ல காய்களுக்கு மட்டும் இரும்பு வலையை உருண்டையாக வளைத்துக் கூடு மாதிரி மாட்டலாம். மரம் சிறியதுதானே, நான்கு குச்சி நட்டு மரம் முழுக்க வலை போர்த்திவிடலாமே என்று தோன்றும். நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்தினால் அதில் குருவியும் ஓணானும் சாரைப்பாம்பும் சிக்கிக்கொள்ளும். சாரை எலியைத் தின்று உங்களுக்கு உதவுகிற பாம்பு, அதை இழக்காதீர்கள். போர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் முறுக்காக இழுத்துக் கட்டி, அடிப்பக்கம் தரையோடு அழுந்தும்படி செங்கல் வையுங்கள், காலையும் மாலையும் போய்ப் பாருங்கள்.

மாடியில் உளுந்து. அறுவடை முடிந்து பங்குனி சித்திரையில் உளுந்தும் பயறும் காயும், வடகமும் மோர்மிளகாயும் காயும். அணிலுக்கு வேர்க்கடலை முதலில், பருப்பு வகை அடுத்தது. தரையில் பாய் விரிக்காமல் கட்டிலின் மேல் காயப்போட்டு, மேலே பழைய வேட்டியை நான்கு மூலையும் இழுத்துக் கட்டினால் காக்கையும் வராது, அணிலும் அவ்வளவாக வராது. காய்ந்ததைச் சாக்கில் மூட்டையாகவோ பிளாஸ்டிக் டப்பாவிலோ வைக்காதீர்கள். மூடியுள்ள தகர டின் அல்லது எவர்சில்வர் தூக்குதான் பல்லுக்குத் தாங்கும். மதிலில் காக்கைக்குச் சோறு வைப்பவராக இருந்தால் தொடர்ந்து வையுங்கள், ஆனால் காக்கை தின்றது போக மிச்சத்தை அரை மணியில் அலம்பிவிடுங்கள். பகலில் அணிலையும் ராத்திரியில் எலியையும் வீட்டுக்கு அழைப்பது அந்த மிச்சம்தான்.

கடைகளில் கிடைக்கும் மற்றவற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. காதுக்குக் கேட்காத சத்தம் எழுப்பும் மின்கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டாம், சில நாளில் பழகிவிடும். பிளாஸ்டிக் ஆந்தையும் பளபளக்கும் ரிப்பனும் அப்படித்தான். ரச கற்பூர உருண்டையைக் கூரையில் போடுவது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் கெடுதல். காய்ந்த மிளகாயை அரைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தண்டிலும் கிளையிலும் தெளிப்பது ஓரளவு வேலை செய்யும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அணிலுக்கும் எலிக்கும் உறைக்கும். ஒரு மழை பெய்தால் போய்விடும் என்பதால் கோடையில் மட்டும் பயன்படும். தெளிக்கும்போது முகத்துக்குக் காற்று அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டில் பிடித்துக் கொள்ளிடக்கரையில் விட்டுவிட்டு வரலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தாயைப் பிடித்துப் போனால் குஞ்சு கூட்டில் சாகும். காலியான இடத்துக்கு அடுத்த கொல்லை அணில் சில வாரத்தில் வந்துவிடும். ஓட்டை திறந்திருக்கும் வரை ஆள் மாறுமே தவிர தொல்லை தீராது. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

கோடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், குட்டையும் வற்றும். கொல்லையில் பிஞ்சைக் கூடக் கடித்துப் போடுவதும், சொட்டுநீர்க் குழாயைக் கடித்து ஓட்டை போடுவதும் அந்த மாதங்களில்தான் அதிகமாகக் கண்ணில் படும். தாகம் அதற்குப் பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன். வீட்டிலிருந்து தள்ளி, கொல்லைக் கோடியில் மரநிழலில் ஒரு மண்சட்டியில் தினம் தண்ணீர் மாற்றி வையுங்கள். ஆழமான தொட்டியாக இருந்தால் குட்டி விழுந்துவிடும், உள்ளே ஒரு கல் போட்டு வையுங்கள். தண்ணீர் வைக்கலாம், தீனி வைக்க வேண்டாம். தீனி வைத்தால் பழத்தை விட்டுவிடும் என்று நம்பி வைப்பவர்கள் அணிலின் எண்ணிக்கையைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பேரன் விஷயம். அணிலும் எலியும் போன்ற சிறு கொறிப்பிராணிகளிடமிருந்து வெறிநோய் மனிதருக்கு வருவது மிக மிக அரிது, அதனால் பதற வேண்டாம். ஆனாலும் பிறாண்டியதோ கடித்ததோ எதுவானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ரணஜன்னி ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்பார்கள், பையனின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். வேறு ஊசி வேண்டுமா என்பதை அங்கே காயத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.